அவர் தாடி வைத்திருந்த மாதங்கள்

மலைமேல் எங்கள் வளப்பூர் நாட்டில் ஓர் ஆண்பிள்ளையின் முகத்தைப் பார்த்தே அவன் வீட்டுச் சேதியைச் சொல்லிவிடுவார்கள். பெண்டாட்டி மாசமாக இருந்தால் புருஷன் முகத்தில் கத்தி படக்கூடாது. பிள்ளை பிறந்து தீட்டுக் கழிகிற அன்றைக்குத்தான் தாடியை எடுப்பான். அதனால் தாடியோடு சந்தைக்கு வருகிறவனிடம் எத்தனை மாசம் என்று கேட்பார்கள். எடுத்துவிட்டு வருகிறவனிடம் என்ன பிள்ளை என்று கேட்பார்கள். வேறு எதையும் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றாது.

மற்ற வீடுகளில் இந்தச் சேதி மெதுவாகத்தான் வெளியே போகும். சவரம் செய்கிறவர் அடிவாரத்திலிருந்து அறுப்புக்கு அறுப்புதான் மேலே வருவார். இடைப்பட்ட நாளில் எல்லோர் முகத்திலும் கொஞ்சம் முடி இருக்கும். தாடி வைத்திருக்கிறானா, சோம்பலில் விட்டிருக்கிறானா என்று தெரியாது. எங்கள் வீட்டுக்காரர் விஷயம் அப்படியில்லை. மலையில் தினமும் சவரம் செய்துகொண்ட ஆள் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

அவர் அப்படி ஆனதற்குக் காரணம் நான். எழுதக் கூச்சமாக இருக்கிறது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம், ஒரு தை மாதத்தில் எங்களுக்குக் கல்யாணம். நான் அடிவாரத்தில் அம்மாவைப் பெற்ற அப்புச்சி வீட்டிலிருந்து நாலாம் வகுப்பு வரை படித்தவள். ஆனாலும் நாலு வார்த்தை சேர்த்துப் பேச வராது. புருஷனிடமும் பேச மாட்டேன். கல்யாணமான புதிதில் நானாக அவரிடம் சொன்னது ஒரே ஒரு வார்த்தைதான். "குத்துதுங்க."

அவர் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். மாசியில் மிளகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நாலைந்து பேரோடு காரவள்ளி வழியாக இறங்கி, சேலம் வரைக்கும் போனார். திரும்பி வரும்போது உப்பு, மண்ணெண்ணெய், எனக்கு ஒரு சேலை, அதோடு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகரப் பெட்டியும் கொண்டுவந்தார். பெட்டியைத் திறந்ததும் அத்தை எட்டிப் பார்த்தார்.

"இதென்னடா, பாக்கு வெட்டியா?"

"சேப்டி ரேசரும்மா. நம்ம மூஞ்சிய நாமளே வழிச்சுக்கலாம்."

"அதுக்குத்தான் அறுப்புக்கு அறுப்பு ஆளு வருதே?"

"அறுப்புக்கு அறுப்பு வழிச்சாப் போதுமா?"

"உன்ற அப்பனுக்குப் போதுச்சே!"

அவர் என்னைப் பார்த்தார். நான் உப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

பெட்டிக்குள் ஒரு கைப்பிடி, பல் வைத்த ஒரு தட்டு, அதன் மேல் மூடுகிற வளைந்த தகடு, காகிதம் போல மெல்லிய சில பிளேடுகள். நாலாக மடித்த ஒரு தாளும் இருந்தது. எல்லாம் இங்கிலீஷ். நான் படித்த நாலு வகுப்பு அதற்கு உதவவில்லை. ஆனால் படம் போட்டிருந்தார்கள். நுரை பூசிய ஒரு துரை கழுத்தை நிமிர்த்தி நின்றான்.

நுரைக்கு எங்களிடம் சோப்பு இல்லை. அத்தை தலைக்கு ஊறவைத்திருந்த பூந்திக்கொட்டைத் தண்ணீரை நான் மத்தால் கடைந்தேன். மோர் கடைவதைவிடச் சுலபமாகப் பொங்கிவிட்டது. பழைய வேட்டித் துணியைச் சுருட்டி அதில் முக்கி முகமெல்லாம் அப்பிக்கொண்டார். அப்பிக்கொண்டவர் உடனே "ஐயோ கண்ணு" என்று குதித்தார். கண்ணுக்குள் போய்விட்டது. "பட்டப் பகல்ல பொண்டாட்டியக் கண்ணுங்கறியாடா?" என்று அத்தை வந்து நின்றார். பூந்திக்கொட்டையின் காரம் தெரிந்தவர்களுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும்.

அன்றைக்கு எவ்வளவு இழுத்தும் நுரைதான் வந்தது, முடி வரவில்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று திட்டினார். நான் தாளிலிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேல் தகடு குப்புற வளைந்திருந்தது. பல் தட்டை அவர் மல்லாக்கப் போட்டிருந்தார்.

"கவுத்துப் போடோணுமாட்ட இருக்குதுங்க" என்றேன் தாளைப் பார்த்துக்கொண்டே.

"பேசறியா நீ!" என்றார். முடி வராத கோபமெல்லாம் போய்விட்டது.

கவிழ்த்துப் போட்டதும் வெட்டியது. ரொம்பவே வெட்டியது. சவரம் செய்கிறவர் நீளக் கத்தியை வீசுகிற மாதிரி அவரும் வீசினார். தாடையில் கோடாக ரத்தம். அத்தை மஞ்சளை வைத்து அமுக்கிவிட்டு, "ஒரு மூஞ்சிக்கு இத்தனை மஞ்சளா? குழம்புக்கு எங்க போறது?" என்றார். மறுநாளும் வெட்டிக்கொண்டார். அதற்கு மறுநாளும். அப்புறம் ஒரு காலை, கை சோர்ந்து, அமுக்காமல் சும்மா வைத்து இழுத்தபோது அது தானாகப் போயிற்று. பலாச்சுளை எடுக்கும்போது எண்ணெய்க் கையால் பட்டும் படாமலும் தொடுவோம். அந்த மாதிரி தொட வேண்டும். தேய்க்கக்கூடாது. முடி சாய்ந்த பக்கமே கொண்டுபோக வேண்டும். முதலில் சுடுதண்ணீர்த் துணியை முகத்தில் போட்டுவைக்க வேண்டும். எங்கள் மலைக் குளிரில் இது இல்லாமல் ஆகாது. இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. அவர் முகத்தில் பட்ட வெட்டுகள்தான் ஒவ்வொன்றாகச் சொல்லின.

கண்ணாடி பிடிப்பது என் வேலை. வாசலில் அவர் குத்துக்காலிட்டு உட்காருவார். நான் எதிரில் நின்று கைக்கண்ணாடியைப் பிடிப்பேன். அத்தனை கிட்டத்தில், அதுவும் வெளிச்சத்தில், ஆம்பிளை முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கும். தலையைக் குனிந்துகொள்வேன். என்னோடு கண்ணாடியும் குனிந்துவிடும்.

"புள்ள, என்ற மூஞ்சி எங்க? வேட்டிதான் தெரியுது" என்பார்.

தூக்குவேன்.

"இப்பக் கூரை தெரியுது."

"ஏனுங்க, சும்மா இருங்க."

"மண்ணப் பாக்காத. என்னப் பாரு. நாந்தான் வழிச்சுட்டனே, இனிக் குத்தாது."

அத்தை காதில் விழுந்திருக்குமோ என்று அன்றைக்கெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அந்தப் பங்குனி, சித்திரை, வைகாசிதான் என் ஆயுசிலேயே நான் அதிகம் சிரித்த மாதங்கள். பிளேடுகளைப் பாதுகாத்துப் பாதுகாத்து வைத்துக்கொள்வார். யுத்த காலத்தில் அவை சுலபமாகக் கிடைக்காது. மழுங்கினதை உள்ளங்கையில் முன்னும் பின்னும் தீட்டித் திரும்பப் போடுவார். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து, ஆமணக்கெண்ணெய் தடவிப் பெட்டியில் படுக்கவைப்பார். பிள்ளையைத் தூங்கவைக்கிற மாதிரி செய்வார்.

ஆனியில் எனக்குச் சோற்று வாடை ஆகாமல் போயிற்று. அத்தை கண்டுபிடித்துவிட்டார். "அவங்கிட்டச் சொல்லீட்டியா?" என்றார். இல்லையென்று தலையாட்டினேன். எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இரண்டு நாளை ஓட்டினேன். அத்தையோ நான் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை. அவர் வலது கன்னத்தை முடித்துவிட்டு இடது பக்கம் கைப்பிடியைக் கொண்டுபோகிறார். களத்திலிருந்து அத்தை பார்த்துவிட்டார். கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"டேய்! கத்திய எடுடா! பொண்டாட்டி மாசமா இருக்கா, மூஞ்சீல கத்தி வைக்கிறியே, உனக்கு அறிவு இருக்குதா?"

அவர் நுரையோடு என்னைப் பார்த்தார். நான் கண்ணாடிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். கண்ணாடியில் அவர் முகத்தை அவரே பார்த்திருப்பார். என்ன தெரிந்ததோ, சத்தமில்லாமல் ரேசரைத் தண்ணீரில் போட்டார்.

"நெசமா புள்ள?"

கண்ணாடிதான் மேலும் கீழும் ஆடியது.

"இந்தப் பக்கத்தை மட்டும் முடிச்சுக்கறம்மா" என்றார் அத்தையிடம். "பாதியா இருந்தாச் சிரிப்பாங்க."

"சிரிச்சாச் சிரிக்கட்டும். ஒரு இழுப்பு இழுக்கக்கூடாது."

அப்படியே பாதி முகத்தோடு எழுந்து போனார். பத்துக் குடி உள்ள எங்கள் ஊர் முழுக்க அன்று பொழுது சாய்வதற்குள் தெரிந்துவிட்டது. வேறு வீட்டில் நாலு மாதம் கழித்து வெளியே வருகிற சேதி, எங்கள் வீட்டில் ஒரு கன்னத்தில் ஏறி உட்கார்ந்து ஊரைச் சுற்றியது. ஊற்றில் தண்ணீர் எடுக்கப் போனால் பெண்கள் விடமாட்டார்கள்.

"ஏனுங்க அம்மணி, உங்க ஊட்டுக்காரர் மூஞ்சீல ஒரு வயல்ல தினை, ஒரு வயல் தரிசாமே?"

"அறுப்பு எப்பங்க? சொன்னீங்கன்னா நாங்களும் கூலிக்கு வாரோம்!"

பாதிக் குடத்தோடு ஓடி வந்துவிடுவேன்.

கொஞ்ச நாளில் இரண்டு பக்கமும் ஒன்றானது. சந்தைக்குப் போனால் எத்தனை மாசம் என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்லிவிட்டு வருவார். வந்ததும் என்னிடம் வரிசையாக ஒப்பிப்பார். தாடி வளர வளர அதை விரலால் அளந்து பார்ப்பார். "ஒரு விரக்கடை ஆயிட்டான்" என்பார். அப்புறம் "ரெண்டு விரக்கடை." உள்ளே இருக்கிறதைப் பார்க்க முடியாது, வெளியே இருக்கிறதையாவது அளக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ. தாடியைத் தடவிக்கொண்டே என் வயிற்றோடு பேசுவார். "உன்னால எனக்கு அரிக்குதுடா சாமி, வெரசா வந்து சேரு." ரேசர் பெட்டியை எண்ணெய்த் துணியில் சுற்றிக் கூரைச் செருகலில் வைத்துவிட்டார். தீட்டுக் கழிகிற அன்றைக்குப் புது பிளேடு போட வேண்டுமென்று ஒன்றைப் பிரிக்காமல் வைத்திருந்தார்.

கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. எனக்கு மலைக்காய்ச்சல் கண்டது. அந்தக் காலத்தில் எங்கள் மலையில் அந்தக் காய்ச்சல் வராத வீடு கிடையாது. அடிவாரத்து ஆட்கள் மலை ஏறவே பயப்படுவார்கள். நிலவேம்புக் கஷாயம் கொடுத்தார்கள். குளிர் வரும்போது வீட்டிலிருந்த கம்பளி, சாக்கு எல்லாவற்றையும் என்மேல் போட்டு, அவர் அதன்மேல் படுத்து அமுக்கிப் பிடித்துக்கொள்வார். அந்த நடுக்கம் எனக்கு நினைவிருக்கிறது. அவருடைய தாடி என் நெற்றியில் பட்டதும் நினைவிருக்கிறது. அப்புறம் ஒன்றும் நினைவில்லை.

கண் திறந்தபோது மழை விட்டிருந்தது. உடம்பு லேசாக இருந்தது. எதனால் என்று முதலில் விளங்கவில்லை. வயிற்றில் கையை வைத்துப் பார்த்தேன். மார்பில் துணி இறுக்கிக் கட்டியிருந்தது. அத்தை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"அத்தை?"

"படு கண்ணு."

"அத்தை, எங்கீங்க?"

"படு சாமி. நீ பொழச்சதே போதும்."

ஏழு மாதத்தில் பிறந்தது. ஆண். ஒரு காலையில் வந்து, அன்று பொழுது சாய்வதற்குள் போய்விட்டது. மேட்டுப் பலா மரத்தடியில் வைத்துவிட்டார்கள். நான் பெற்றதும் எனக்குத் தெரியாது, அது அழுததும் எனக்குத் தெரியாது. அழுததா என்றே தெரியாது. பால் மட்டும் தெரிந்து வந்தது. கட்டிய துணி நனைந்து, அதை அவிழ்த்துப் பிழிந்து வேறு துணி கட்டுவார் அத்தை.

பச்சைப் பிள்ளை போனால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லி அனுப்புவதில்லை. கூட்டி அழுவதும் இல்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மேட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது.

தீட்டுக்கு உரிய நாள் கழிந்ததும் அத்தை அவரிடம் தாடியை எடுக்கச் சொன்னார். "ஆகட்டும்மா" என்றார். எடுக்கவில்லை. மார்கழி போயிற்று, தை போயிற்று. தாடி நெஞ்சைத் தொட வந்துவிட்டது. சந்தைக்குப் போய் வருவார். யார் கேட்டார்கள், என்ன சொன்னார் என்று இப்போது ஒப்பிப்பதில்லை. நானும் கேட்பதில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒருவர் மேல் ஒருவர் பட்டுவிடாமல் நடந்துகொண்டிருந்தோம்.

பிரசவத்தை நாங்கள் எதிர்பார்த்தது மாசியில். மாசியும் கடந்து பங்குனி. குண்டூர் நாட்டில் அவருக்கு மாமன் மகன் ஒருவர் இருந்தார். வாயைத் திறந்தால் கேலிதான். சந்தைக்குப் போகிற வழியில், எங்கள் வேலிப் படலுக்கு வெளியே நின்று கூப்பிட்டார். நான் தானியக் குதிருக்குப் பின்னால் இருந்தேன். அவரால் என்னைப் பார்க்க முடியாது.

"ஏனுங்க மச்சான்! இன்னும் தாடியோடயேவா? தங்கச்சி என்ன ஆனைக்கன்னா சுமக்குது?"

இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

"ஆமா மச்சான்" என்றார் எங்கள் வீட்டுக்காரர். "ஆனைதான். ஆனை மெதுவாத்தானே வரும்."

"வந்தாச் சொல்லியனுப்பு. மாலை கட்டிக் கொண்டாரேன். இந்தா, எங்க மரத்துல மொதப் பழம். தங்கச்சிக்கு வாய்க்கு ருசியாருக்கும். அதிகம் திங்க வேண்டாம்னு சொல்லு, சூடு."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். எங்கள் வீட்டுக்காரர் பலாப்பழத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து மூலையில் வைத்தார். யாரும் அறுக்கவில்லை. அது பழுத்து வெடித்து, வீடெல்லாம் அந்த வாசனை. நான் வேலை செய்யும்போதெல்லாம் அந்த வாசனை வந்து முகத்தில் மோதியது. அதைத் தாங்க முடியாமல்தான் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

"ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?"

அவர் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்னன்னு?"

"ஆனைன்னு."

கயிற்றின் முனையை முடிச்சுப் போட்டார். அப்புறம் சொன்னார். அவர் குரலை நான் அப்படிக் கேட்டதில்லை.

"நீ கண்ணே தொறக்கல. உன்னயப் பாக்கறதா, அவனப் பாக்கறதான்னு அம்மாவுக்குத் தெரியல. என்ற கையில குடுத்துட்டா. இத்துனூண்டு. ஒரு கைக்குள்ள இருந்தான். மூச்சு வருதான்னு பாக்கலாம்னு மூஞ்சியக் கிட்டக் கொண்டுட்டுப் போனேன். கை வெரலு தாடிக்குள்ள சிக்கிக்கிச்சு." கயிற்றைக் கீழே வைத்தார். "இழுத்தான் புள்ள. நல்லா இழுத்தான்."

"வலிச்சுதுங்களா?"

"வலிச்சுது."

"அப்பறம்?"

"பொழுதுக்கும் புடிச்சிட்டிருந்தான். நானும் அசையல. அப்பறம் விட்டுட்டான்."

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பகலில், கதவு திறந்திருக்கும்போது, நான் அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எந்த இடம் என்று கேட்டேன். இடது தாடைக்குக் கீழே காட்டினார். அந்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்தேன். முடிதான் இருந்தது. என் பிள்ளை தொட்டதில் எனக்குத் தொடக் கிடைத்தது அவ்வளவுதான்.

"இத எடுத்துட்டுச் சந்தைக்குப் போனா, என்ன புள்ளைன்னு கேப்பாங்க. சிரிச்சுக்கிட்டே கேப்பாங்க" என்றார். "நான் என்னன்னு சொல்றது? சொல்லிப் பாத்தேன் புள்ள. காட்டுல தனியா நின்னு சொல்லிப் பாத்தேன். வாயி வரல."

பழம் அழுகத் தொடங்கியதும் அத்தை அதை மாட்டுக்குப் போட்டுவிட்டார்.

சித்திரையில் முதல் மழை பெய்தது. சாமை விதைக்க வேண்டும். வீட்டு ஆண்பிள்ளைதான் முதல் பிடி விதையைப் போட வேண்டும். தீட்டு முகத்தோடு விதையைத் தொடக்கூடாது. மற்ற காடுகளில் ஏர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் விதைக் கூடை அப்படியே இருந்தது. அத்தை அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. கூடையை மட்டும் தினமும் வெயிலில் வைத்து எடுத்தார். ஈரம் போய்விட்டால் அந்த வருஷம் எங்களுக்குச் சோறு இல்லை. இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"எடுத்துருங்க" என்றேன் ஒரு காலை.

அவர் விதைக் கூடையைப் பார்த்தார்.

"சந்தையில கேட்டா நான் சொல்லிக்கிறேனுங்க."

"நீயா?" என்றார். "கண்ணாடி புடிக்கச் சொன்னா மண்ணப் பாக்கறவ. நீ சந்தையில நின்னு சொல்லப்போறியா?"

"சொல்றேனுங்க."

கூரைச் செருகலிலிருந்து பெட்டியை எடுத்தபோது அத்தை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்ற குத்தந்தான்டா" என்றார். பிள்ளை போனதிலிருந்து அவர் வாய் திறந்து அதைப் பற்றிப் பேசியது அன்றுதான். "அன்னிக்குக் கொஞ்சம் முந்தியே பாத்திருக்கோணும். ஒரு கன்னத்துல கத்தி பட்டுப்போச்சு. நாங் கூடையப் போட்டுட்டு ஓடியாந்தேன். அதுக்குள்ள பட்டுப்போச்சு."

"காய்ச்சலும்மா அது" என்றார் அவர். "கத்தியில்ல. காய்ச்சல்."

அத்தை நம்பவில்லை. அவர் சாகிற வரைக்கும் நம்பியதில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நெஞ்சுவரை வளர்ந்த தாடிக்கு அந்த ரேசர் ஆகாது. இரண்டு இழுப்பிலேயே பல் இடுக்கெல்லாம் முடி அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. பக்கத்து வீட்டில் கத்திரிக்கோல் வாங்கிவந்தேன். அவர் அதை வாங்கி, திரும்ப என்னிடமே நீட்டினார். நானே வெட்டினேன். வலது பக்கத்தை முதலில் வெட்டினேன். அப்புறம் முகவாய். இடது தாடையைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். அங்கே வந்ததும் என் கை நின்றுவிட்டது. "வெட்டு" என்றார். வெட்டினேன். அந்தக் கொத்தைக் கீழே விழவிடாமல் வாழை இலையில் தனியாக வைத்தேன்.

மிச்சத்தையும் நானே வழித்தேன். சுடுதண்ணீர்த் துணி போட்டு, நுரை பூசி, அமுக்காமல், முடி சாய்ந்த பக்கமே. எண்ணெய் தடவியும் பழைய பிளேடு ஓரத்தில் துரு ஏறியிருந்தது. அது முடியைப் பிடித்து இழுத்தது. அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. பிரிக்காமல் வைத்திருந்ததைப் போடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். நான் இந்த முறை தலையைக் குனியவில்லை. குனிந்தால் வெட்டிவிடும். நுரைக்கு அடியிலிருந்து வந்த முகம், கல்லைப் புரட்டினால் அடியில் வெளுத்துக் கிடக்கிற புல் மாதிரி இருந்தது. பத்து மாதத்தில் அவர் எவ்வளவு இளைத்துப் போயிருந்தார் என்பது அதுவரை எனக்குத் தெரியவில்லை.

வாழை இலையை மடித்து எடுத்துக்கொண்டு மேட்டுப் பலாவுக்குப் போனார். நானும் கூடவே போனேன். அதுவரை நான் அந்த இடத்துக்குப் போனதில்லை. ஒரு கல் வைத்திருந்தார்கள். சின்னக் கல். மண்ணைக் கையால் கொஞ்சம் விலக்கி இலையை வைத்து மூடினார். அன்றைக்கு மத்தியானமே சாமையை விதைத்தார்.

அந்த வாரச் சந்தைக்கு நானும் கிளம்பினேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் சந்தைக்குப் போனதேயில்லை. வழியெல்லாம் அவருக்கு நாலடி பின்னால் நடந்தேன். திரும்பிவிடலாம் என்று பல தடவை தோன்றியது. சந்தை மேடு ஏறும்போது வேகமாக நடந்து அவர் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

உப்புக் கடை போட்டிருந்த அம்மாள்தான் முதலில் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் அந்த அம்மாள் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அடேங்கப்பா, ஒரு வழியா எடுத்துட்டீங்ளா! இதாரு, சம்சாரமா? வா கண்ணு, வா வா. புள்ளைய ஊட்டுல உட்டுட்டா வந்த? என்ன புள்ள?"

அவர் வாயைத் திறந்தார். மூடினார். நான் அந்த அம்மாளை நேராகப் பார்த்தேன்.

"பையனுங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. "தங்கலீங்க. கார்த்திகையிலயே பொறந்து அன்னிக்கே போயிட்டானுங்க. இவிய கையிலதான் இருந்தான். நான் பாக்கலீங்க."

உப்பு அளக்கிற படி அந்த அம்மாள் கையில் அப்படியே நின்றது. "ஐயோ என்ற சாமி" என்றார். பக்கத்துக் கடைக்காரரும் திரும்பிப் பார்த்தார். எங்கள் வீட்டுக்காரர் என் பக்கத்தில் அந்த வெளுத்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் பார்க்க, துடைத்துக்கொள்ளாமல் அழுதார்.

சீரகம் வாங்கப் போன இடத்திலும் கேட்டார்கள். அங்கேயும் நான்தான் சொன்னேன்.